எனக்கு வாசித்தது ஒன்று, உறைக்குள் இருந்தது ஒன்று

"ஏளா கலா, அந்த மனுசன் என்னத்தையோ மறைக்கான். ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு" என்று நேற்று மதிலுக்கு மேலே தலையை நீட்டி நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். சிரிக்கத்தான் செய்வாய். உன் வீட்டுக்காரர் முற்றத்தில் பைக்கைக் கழுவிக்கொண்டே போனைச் சத்தமாக வைத்திருந்தார். பம்பாயில் இருக்கிற ஏதோ கம்பெனியாம், அதில் அவருக்குக் கொஞ்சம் பங்காம். அமெரிக்காவில் வரி ஏற்றிவிட்டார்கள் என்று எல்லாரும் பயந்து கிடக்கிறார்களாம். அதனால் பெரிய அதிகாரிகள் போனில் உட்கார்ந்து பேசுவார்களாம், பங்கு வைத்திருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே கேட்கலாமாம். எனக்கு இங்கிலீஷில் பஸ், டீ, லீவு, இதற்கு மேல் தெரியாது.

"புரியாமலே எப்படி ஆச்சி சொல்லுதீங்க?" என்று கேட்டாய்.

"கேட்டவன் ஒரு வாய்தான் கேட்டான். பதில் சொல்லுதவன், நீ துணி காயப்போட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லுதான். நடுவுல ரெண்டு தடவ தண்ணி வேற குடிச்சிக்கிடுதான். ஆமாம், இல்லைன்னு சொல்லதுக்கு எதுக்குளா தண்ணி?"

அதைக் கேட்டுத்தான் இன்றைக்கு நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு ரொம்பச் சந்தோஷம். பேரன் பேத்தி நாலு பேர் இருக்கிறார்கள், ஒன்றாவது என் வேலையைப் பற்றிக் கேட்டதா? கேட்டால் ஒரு நாள் பூராவும் பேசிவிடுவேன் என்று பயம்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேசுகிறபடியே எழுதாதே. பத்திரிகையில் வருகிற தமிழில் எழுது. ஆட்கள் பேசிக்கொண்ட இடத்தை மட்டும் நம்ம பேச்சிலேயே போடு, இல்லையென்றால் சண்டை சண்டை மாதிரி இருக்காது. எழுதி முடித்ததும் முழுசாக எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஏன் என்று கேட்காதே, கடைசியில் உனக்கே தெரியும்.

என் பேர் சவேரியம்மாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளம் வாங்கினதெல்லாம் பெருவிரல் மையில்தான். ஆனால் இந்தத் தூத்துக்குடியில் ஒரு கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் எதுவும், எனக்கு வாசித்துக் காட்டாமல் இருபது வருஷத்துக்கு மேல் வெளியே போனதில்லை. ஒன்றைத் தவிர.

அது இறால் ஏற்றுமதிக் கம்பெனி. நான் அங்கே உரிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கையில் இரண்டு பிள்ளைகள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்து வைத்து நகமெல்லாம் அழுகிப்போனது. டாக்டர் இனித் தண்ணீரில் கை வைக்காதே என்றார். தண்ணீரில் கை வைக்காத வேலை எந்த ஊரில் இருக்கிறது? பெரிய முதலாளி இரக்கப்பட்டு ஆபீசில் கூட்டவும், டீ போடவும் மாற்றினார். டீ போடுவதும் தண்ணீர் வேலைதான், ஆனால் வெந்நீர். மாடியில் அரிசி மூட்டை அளவுக்குப் பைல்கள். அவற்றைத் தூசி தட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

பெரிய முதலாளி கம்பெனி தொடங்கும்போது வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்த்தவர். நாசரேத்தில் வாத்தியார் வீடுகள், காயல்பட்டினத்தில் ஆண்கள் அரபு நாட்டில் இருக்கிற வீடுகள், திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, இங்கே மீன்பிடி போட்டு வைத்திருக்கிறவர்கள். எல்லாம் பஸ் போகிற தூரம். வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களுக்குக் கம்பெனி நிலவரம் சொல்லி ஒரு இங்கிலீஷ் புத்தகமும் ஒரு தமிழ்க் கடிதமும் போகும். புத்தகத்தை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. லாட்ஜ் அண்ணாச்சி வீட்டில் அதை விசிறியாக வைத்திருந்தார்கள். கடிதத்தைத்தான் எல்லாரும் வாசிப்பார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதுகிறவர் கம்பெனிச் செயலாளர். ஞானமுத்து சார், நாசரேத்துக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. சிரிக்க மாட்டார், சத்தம் போடவும் மாட்டார். யாராவது லேட்டாக வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் அவர்களுடைய செருப்பைப் பார்ப்பார். அது போதும், மறுநாள் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் ஜப்பான்காரன் விலையை இறக்கிவிட்டான். கம்பெனிக்கு நஷ்டம். சார் தன் அறையில் நின்றுகொண்டு கடிதத்தைத் தனக்குத்தானே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டு போனேன். 'சர்வதேசச் சந்தைச் சூழலின் காரணமாக எதிர்பார்த்த இலக்கை எய்த இயலவில்லை' என்று வாசித்தார். நான் டம்ளரை வைக்காமல் நின்றுவிட்டேன்.

"என்ன சவேரி?"

"யாரும் செத்துட்டாங்களா சார்?"

"ஏன் கேக்க?"

"சாவு வீட்ல சாமியார் வாசிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணும் வெளங்கல. ஆனா அழணும் போல இருக்கு."

சார் சிவப்புப் பேனாவை எடுத்து மேலிருந்து கீழே ஒரே கோடு. மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முதலாளி வீட்டு மனுஷர்கள் உட்காருகிற ஸ்டூல் அது. எனக்கு உட்கார்ந்தும் உட்காராத மாதிரி இருந்தது. புதுக் கடிதத்தை வாசித்தார். 'இந்த வருஷம் நமக்கு நஷ்டம். ஜப்பான்காரர் விலையைக் குறைத்துவிட்டார். அதனால் உங்களுக்கு இந்த வருஷம் இலாபப் பணம் கிடையாது. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.'

"வெளங்குதா?"

"வெளங்குது சார். இதக் கேட்டுட்டு கல்லத் தூக்கிட்டு வருவாங்களே."

"வரட்டும்" என்றார்.

ஒருவரும் வரவில்லை. ஒரு வயசான வாத்தியார் மட்டும் பஸ் பிடித்து வந்தார். நான் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தேன். அவர் சாரிடம், "நான் பங்கு வாங்குன நாள்லேருந்து எனக்கு வெளங்குன மொத லெட்டர் இதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அன்றைக்கு சார் சிரித்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். சத்தியம் பண்ண மாட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்டூல்தான். சார் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். குரலை வைத்து நான் அர்த்தம் பிடித்துவிடக்கூடாது, வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்பார். எங்கே நான் காதுமடலைச் சொறிகிறேனோ அங்கே சிவப்புக் கோடு. எனக்கே தெரியாது நான் சொறிகிறேன் என்று. 'சவால்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். "யாரு சார் யாருக்குச் சவால் விட்டா?" என்று கேட்டேன். அன்றோடு அது போனது. 'இருந்தபோதிலும்' என்று வந்தால் உடம்பு கூசும். அதற்குப் பின்னால் வருகிறதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். கெட்ட சேதி முதல் வரியில் வர வேண்டும், அது சாருடைய சட்டம்.

கடிதத்தை நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோவேன். தபாலில் போட்டால் கேள்வி திரும்பி வராது என்பார் சார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன கேட்டார்களோ அதை மனசில் வாங்கிவந்து அப்படியே ஒப்பிப்பேன், சார் எழுதிக்கொள்வார், பதில் அனுப்புவார். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு ஞாபகம்தான் நோட்டு. இப்போதும் அந்தக் கடிதங்களெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் வாய் திறக்கக்கூடாது. "கடிதம் பேசணும் சவேரி. நீ பேசுனா ஒரு வீட்ல ஒண்ணு சொல்லுவ, அடுத்த வீட்ல இன்னொண்ணு சொல்லுவ" என்பார். ஒரு வீட்டில் காப்பி நன்றாக இருந்தால் நான் நல்லபடியாகச் சொல்லிவிடுவேனாம். அது உண்மைதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேனே, மக்ரூன். இலாபம் வந்த வருஷம் கடிதத்தோடு கால் கிலோ மக்ரூன் பெட்டி ஒன்றும் போகும். நஷ்ட வருஷம் பெட்டி கிடையாது. "கெட்ட சேதிக்கும் இனிப்புக்கும் ஒரே பையில எடம் கிடையாது" என்று சார் வைத்த வழக்கம். அதனால் நான் தெருமுனையில் திரும்பும்போதே என் பையின் உப்பலைப் பார்த்துப் பாதி விஷயம் தெரிந்துகொள்வார்கள். வாசலிலேயே மீதிக்கு ஒரு கேள்வி வரும். "ஒனக்கு வாசிச்சாங்களா சவேரி?" நான் ஆமாம் என்பேன். அப்படியென்றால் மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு அர்த்தம். கம்பெனி முத்திரையை யாரும் பார்த்ததில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? பஸ்ஸில் ஜன்னல் சீட் கேட்டு வாங்குவேன்.

பெரிய முதலாளி காலமானார். மகன் வந்தார், சின்ன முதலாளி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகள் பிரசவத்துக்குக் காரே அனுப்பினவர். அவர் வந்து சில வருஷத்தில் கொரோனா வந்து ஊரெல்லாம் அடைத்தார்கள். வெளிநாட்டில் ஓட்டல் எல்லாம் பூட்டு. எங்கள் இறாலுக்கு ஆள் இல்லை. துறைமுகத்துக்குப் போன பெட்டிகள் அங்கேயே கிடந்தன, குளிர் அறை உத்தரம் வரைக்கும் சரக்கு. உரிக்கிற பெண்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தார்கள், மீதி நாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பாங்குக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம். அதையெல்லாம் எனக்கு வாசிக்கவில்லை, சார் மூஞ்சியில் வாசித்தேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் சார் என்னைக் கூப்பிட்டார். புதுப் பங்கு விற்கப் போகிறார்கள், பழைய பங்குதாரர்களுக்கே முதலில். ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை வாசித்தார். இப்போதும் சொல்கிறேன் கேள்:

'வணக்கம். இந்த வருஷம் நமக்குப் பெரிய நஷ்டம். வெளிநாட்டில் ஓட்டல்கள் பூட்டிக் கிடக்கின்றன. நம் சரக்கை வாங்க ஆள் இல்லை. எப்போது வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனியைக் காப்பாற்றப் புதுப் பங்கு விற்கிறோம். இதில் போடுகிற பணம் திரும்பி வரும் என்று எங்களால் சொல்ல முடியாது. வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று வைத்திருப்பதை இதில் போட வேண்டாம்.'

நான் காதைத் தொடவே இல்லை. "சார், இதுல அடிக்கதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். அவரும் பேனாவை மூடினார்.

மூன்று நாள் கழித்து உறைகள் ஒட்டித் தயாராக இருந்தன. பக்கத்தில் மக்ரூன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கால் கிலோ இல்லை, அரைக் கிலோ. சார் அன்றைக்கு அறையில் இல்லை. சின்ன முதலாளிதான் நின்றார்.

"நஷ்ட வருசம் பெட்டி போகாதே ஐயா?"

"எல்லாரும் ஒரு வருசமா மனசு நொந்து கெடக்காங்க சவேரியம்மா. ஒரு இனிப்பாவது போகட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட, ஒரு வருஷத்துக்கு அப்புறம் எல்லாரையும் பார்க்கப் போகிறோம் என்று. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் மூச்சு முட்டிப்போனேன்.

முதல் ஊர் காயல்பட்டினம். அங்கே பெண்கள் நடக்கிற சின்ன முடுக்கு வழியாகப் போனால் ஆமினா லாத்தா வீட்டுப் பின்வாசல். லாத்தா என்றால் அங்கே அக்கா. லாத்தாவின் வீட்டுக்காரர் சவுதியில் கடையில் இருந்தவர், அங்கேயே மௌத்தாகிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். அங்கே வீடு பெண்ணுக்குத்தான். பெரியவளுக்குக் கீழ்வீடு கொடுத்தாயிற்று. சின்னவளுக்கு மாடி கட்ட வேண்டும். அவர் விட்டுப்போன பணம் அதற்கென்று இருந்தது. தூண் வரைக்கும் எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு நின்றது மாடி. லாத்தாவுக்குக் கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது.

"வா புள்ள சவேரி, செத்து வச்சியோ பொழச்சு வச்சியோன்னு நெனச்சேன்" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மக்ரூன் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "பொட்டி பெருசால்லா இருக்கு. அப்ப நல்ல சேதிதான்."

நான் பேசக்கூடாதே.

"ஒனக்கு வாசிச்சாங்களா?"

"ரெண்டு தடவ வாசிச்சாரு லாத்தா."

"போடலாமா புள்ள?"

"வாசிச்சுப் பாருங்க லாத்தா. எல்லாம் அதுலயே இருக்கு."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் பார். வீட்டுக்கென்று வைத்ததைப் போடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, சின்ன மகள் வாசித்ததும் தெரிந்துவிடப் போகிறது, நாம் ஏன் சட்டத்தை மீற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். சின்ன மகள் அப்போது பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும் வரைக்கும் ஒரு டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். லாத்தா இருக்கத்தான் சொன்னாள். எனக்கு பஸ்.

இரண்டாம் நாள் திருச்செந்தூர். மூன்றாம் நாள் நாசரேத். அங்கே ரத்தினம் டீச்சர் என்று ஒருத்தி. ரிட்டயராகியும் டீச்சர்தான், எதைக் கையில் கொடுத்தாலும் வகுப்பில் வாசிக்கிற மாதிரி சத்தமாகத்தான் வாசிப்பாள். நான் இருக்கும்போதே உறையைக் கிழித்தாள்.

'சவால்கள் நிறைந்த இக்காலத்திலும் நமது நிறுவனம் நம்பிக்கையுடன் பயணிக்கிறது. தற்காலிகத் தேக்கம் நிலவியபோதிலும்...'

நான் காதைச் சொறிந்துகொண்டிருந்தேன். டீச்சர் மேலே வாசித்தாள். பங்குதாரர்களுக்குப் பொன்னான வாய்ப்பாம். உடனடியாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமாம்.

"டீச்சர், அது வேற கடுதாசி. நம்ம கடுதாசிய வாசிங்க."

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இது ஒண்ணுதான் இருக்கு சவேரி."

"வீட்டுக்குன்னு வச்சதப் போட வேண்டாம்னு வருமே, கடைசியில?"

"அப்படி ஒரு வரியே இல்லையே. ஞானமுத்து கையெழுத்து இருக்கு, பாரு."

எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கையெழுத்து தெரியும். அடியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. இருந்தது.

கலா, எழுதப் படிக்கத் தெரியாததற்காக நான் அதுவரைக்கும் வெட்கப்பட்டதே கிடையாது. அன்றைக்கு நாசரேத் பஸ் ஸ்டாண்டில், பையில் மிச்சம் இருந்த உறைகளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆமாம், எனக்கு வாசித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

நேரே ஆபீஸ். சார் அறையில் இருந்தார். நான் கதவைத் தட்டவில்லை. மேஜையில் உறைகளைக் கொட்டினேன். அவர் நிமிரவில்லை.

"சார், எனக்கு வாசிச்சது எங்க?"

"உக்காரு சவேரி."

"உக்கார வேண்டாம். எங்க சார்?"

"சின்ன முதலாளி மாத்தச் சொன்னாரு. மூணு தடவ முடியாதுன்னேன். புதுப் பங்கு போகலன்னா பாங்குக்காரன் பூட்டுப் போட்டுருவான். உரிக்கிற பொம்பளைங்க அம்புட்டு பேரும் தெருவுல நிப்பாங்க. உண்மையச் சொன்னா எவன் போடுவான்னு கேட்டாரு. நாலாவது தடவ கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப என்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"சொன்னா நீ கொண்டு போயிருக்க மாட்ட."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய கடிதத்தைப் போலவே இருந்தது, கெட்ட சேதி முதல் வரியில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று நாளும் என்னை எதற்காக பஸ் ஏற்றி அனுப்பினார்கள் என்று.

சத்தம் கேட்டு சின்ன முதலாளி வந்தார். "எதையும் மறைக்கல சவேரியம்மா. நஷ்டக் கணக்கு, கடன் கணக்கு, எல்லாம் அந்த இங்கிலீஷ் புஸ்தகத்துல பக்கம் போட்டு இருக்கு."

"அத வச்சு விசிறிக்கிட்டு இருக்காங்க ஐயா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் காயல்பட்டினம் பஸ். முடுக்கில் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். லாத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"என்ன புள்ள, யாருக்கு என்ன?"

"லாத்தா, பணம் போட்டாச்சா?"

"நேத்தே மருமகன் போயி கட்டிட்டு வந்துட்டாரே. மாடிக்கு வச்சிருந்தது பூராவும். ரெண்டு வருசத்துல பெருசா வரும், சின்னதுக்குக் கல்லு பதிச்சே குடுத்துரலாம்னு."

நான் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன். எனக்கு வாசித்தது வேறு, நான் கொண்டுவந்தது வேறு, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சின்ன மகள் உள்ளேயிருந்து வந்து, "இத இப்ப வந்து சொல்லுதியளா?" என்று கத்தினாள். கத்த வேண்டியதுதான். அவள் வீடு.

லாத்தா அவளை அமர்த்தினாள். சுளகைக் கீழே வைத்தாள். "ஒனக்கு வாசிச்சதச் சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன். வணக்கத்திலிருந்து கடைசி வரி வரைக்கும், சார் வாசிக்கிற மாதிரியே, ஏற்ற இறக்கம் இல்லாமல். ஒரு வார்த்தை விடவில்லை. முடித்ததும் லாத்தா மாடிக் கம்பிகள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுக்கு அது தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்.

"இதக் கேட்டிருந்தாலும் கொஞ்சம் போட்டிருப்பேனோ என்னவோ" என்றாள். "அந்தப் பெரியவரு வீட்டுக்கு வந்து கேட்டு வாங்குன பங்கு. ஆனா அது நான் போட்டதா இருந்திருக்கும் புள்ள."

திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். கட்டியதை எடுக்க விதி இல்லை என்றார்கள். மிச்ச வீடுகளுக்கும் நான் போனேன், கொடுத்த வரிசையிலேயே, ஒவ்வொரு வாசலிலும் நின்று முழுக் கடிதத்தையும் ஒப்பித்தேன். சில பேர் கட்டியிருந்தார்கள், சில பேர் கட்டவில்லை. லாட்ஜ் அண்ணாச்சி, "இத நீ மொதல்லயே சொல்லிருந்தா ஒனக்கு மோதிரம் போட்டிருப்பேனே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ரத்தினம் டீச்சர் மட்டும் ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள். திரும்பி வந்தபோது கேட்டில் வாட்ச்மேன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள் என்றான். பாவம், அவன் கண்ணில் தண்ணீர். என் டீ அவனுக்குப் பிடிக்கும்.

கம்பெனியும் பிழைக்கவில்லை. புதுப் பங்குப் பணம் குளிர் அறை கரண்டுக்கும் பாங்குக்கும் போனது. ஒரு வருஷம் முடிவதற்குள் பூட்டிவிட்டார்கள். உரிக்கிற பெண்களும் தெருவில்தான். அதில் பாதிப் பேர் என்னைக் கண்டால், "நீ அங்கன இங்கன போயி ஊதாம இருந்தா கம்பெனி நின்னுருக்கும்" என்று ஏசுவார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஸ்டூலில் உட்காரவைத்து யாரும் எனக்கு வாசிக்கவில்லை.

சார் நாசரேத்தில்தான் இருக்கிறார் என்கிறார்கள். பஸ் அந்த ஊருக்குள் நுழையும்போது இறங்கிப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். எனக்கு ஸ்டூல் போட்டு, ஒருத்தி புரிந்துகொண்டதை மதித்துப் பேனா பிடித்த மனுஷர் வேறு யார்? ஆனால் இறங்கியதில்லை. பஸ் கிளம்பிவிடும்.

நான் செய்கிற ஒன்று மட்டும் சொல்கிறேன். வருஷத்தில் அந்தக் கடிதம் போகிற மாதம் வந்தால், முதலில் கம்பெனிக் கேட்டுக்குப் போவேன். கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்ப்பேன். பிறகு காயல்பட்டினம். லாத்தாவுக்கு இப்போது ஒரு கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. முடுக்கில் திரும்பும்போதே என் பையைப் பார்ப்பாள். காலிப் பை. போன வருஷம் போனதும், "சொல்லு புள்ள" என்றாள்.

"கேட்ல பாங்கு போர்டு அப்படியே இருக்கு லாத்தா. குளிர் ரூம் கதவ யாரோ கழத்திட்டுப் போயிட்டாங்க. உள்ள வேப்பமரம் ஒண்ணு மொளச்சிருக்கு. வாங்குததுக்கு ஆள் வந்த மாதிரி தெரியல. இந்த வருசமும் ஒண்ணும் இல்ல."

"சரி" என்பாள். டீ வரும். சின்ன மகள்தான் கொண்டுவந்து வைப்பாள், பேச மாட்டாள். மாடி இன்னும் தூணோடுதான் நிற்கிறது. மழையில் கம்பியெல்லாம் சிவந்து, சுவரில் கோடு கோடாக வடிந்திருக்கிறது. அவளும் அவள் மாப்பிள்ளையும் கீழே அக்கா வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வேறு யாரும் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாளைக்கு நான் அந்த வேலையாகத்தான் போகிறேன். காலையில் கேட்டைப் பார்த்துவிட்டு எட்டு மணி பஸ் பிடிக்க வேண்டும். இந்த வருஷம் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ.

அய்யோ, குழாயில் காற்றுச் சத்தம் கேட்கிறது பார். நாலு நாள் கழித்து இப்போதுதான் தண்ணீர் விடுகிறான், அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவான்.

"கலா, அந்தப் பச்சக் கொடத்த இங்கன தள்ளு. நீ எந்திரிக்காத, எழுதுனத அப்படியே மடியில வச்சிரு. நான் ரொப்பிட்டு வந்து உக்காருதேன், மொதல்லருந்து வாசி. ஏளா, நான் கேக்காம அத ஒறைக்குள்ள போட்டுராத."